மண்ணெண்ணெய்க் கடையில் ஒரு சல்யூட்

முனிச்சாலைத் தையல்காரர் சிஹாபுதீன் என் அண்ணன் முஜிபுர் ரஹ்மானின் கூட்டாளி. இருவரும் காரைக்காலில் எங்கள் அத்தாவின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்கள். உலக யுத்தம் வந்ததும் பிரெஞ்சுக் காலாட்படையில் சேர்ந்து பாலைவனத்துக்குப் போனார்கள். நாற்பத்தைந்தில் சிஹாபுதீன் மட்டும் மதுரைக்குத் திரும்பினார்.

அதற்குள் அத்தா மௌத்தாகி, கடையை மூடிவிட்டு, நான் அண்ணன் மனைவி சபியா மதினியிடம் மதுரைக்கே வந்திருந்தேன். காரைக்கால் விலாசத்துக்குப் போன எந்தத் தபாலும் எங்களைத் தேடி வரவில்லை.

"அண்ணே, அவுக எப்ப வருவாக?" என்று மதினி சிஹாபுதீனிடம் கேட்காத நாளில்லை.

"காயம் ஆறணும்ல தங்கச்சி. ஆஸ்பத்திரில நல்லாப் பாக்குறாக."

சொல்லும்போது மிஷினை மிதிக்கும் கால் நின்றுவிடும். எனக்குப் பயமாக இருக்கும்.

தெருவில் யார் பெயரையாவது உரக்கக் கூப்பிட்டாலே அவர் எழுந்து நிற்பார். நான் காரைக்காலில் பிரெஞ்சு படித்தவள் என்பதால் ஒருமுறை காரணம் சொன்னார். அவர்கள் படையில் காலையில் பெயர் கூப்பிடும்போது இறந்தவன் பெயரையும் விடமாட்டார்களாம். அவன் பக்கத்தில் நின்று சண்டை போட்டவன் நெற்றியில் கை வைத்து, 'களத்தில் மாண்டான்' என்று பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டுமாம். நீங்கள் யாருக்காகச் சொன்னீர்கள் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

அன்று மண்ணெண்ணெய்க் கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் வீரணன் ரேஷன் கார்டுகளை வாங்கி வைத்து ஒவ்வொரு பெயராகக் கூவினார். எங்கள் கார்டு அண்ணன் பெயரில் இருந்தது.

"முஜிபுர் ரஹ்மான்!"

ஆண்கள் வரிசையில் சிஹாபுதீன் விறைத்து நின்றார். கை நெற்றிக்குப் போனது. அந்தப் பிரெஞ்சு வாக்கியம் கடை முழுக்கக் கேட்டது.

"மண்ணெண்ணெய்க்குச் சல்யூட்டா மாப்ள? அப்ப சீனிக்கு பீரங்கி வெடிப்பியா?" என்றார் வீரணன்.

வரிசை சிரித்தது. மதினியும் துப்பட்டியால் வாயை மூடிச் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள சொல்றாக?"

என் கையிலிருந்த மண்ணெண்ணெய் டின் கீழே விழுந்தது. என் முகத்தைப் பார்த்து மதினியின் சிரிப்பு நின்றது.

சிஹாபுதீன் கையை இறக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரிசையை விட்டு எங்களிடம் வந்தார்.

"நான்தான் தங்கச்சி அவனைப் பட்டாளத்துல பேரு குடுக்கக் கூட்டிட்டுப் போனேன். அதான் சொல்லப் பயந்தேன்."

"ஆஸ்பத்திரில இருக்காகன்னீகளே..."

"அம்புட்டுத் தூரம் அவன் வரல."

வீரணன் அண்ணன் பெயரை மறுபடியும் கூவினார். சிஹாபுதீன் அசையவில்லை. மதினி குனிந்து டின்னை எடுத்தார்.

"இந்தா, வாரேன்" என்றார்.