ஆறு மணிக்கு முன் உள்ளே வரக் கூடாது

ஜெயந்தி டீச்சர் தவறிவிட்டார் என்று அவர் மகள் அபிநயா போனில் சொன்னபோது, ஆனையூரில் எங்கள் டியூஷன் சென்டரின் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மாலைதான், வெயில் அதிகம், பிள்ளைகளை உள்ளே விடலாம் என்று சொன்ன என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. சமாதானம் பேச எனக்கு வாய்ப்பே தரவில்லை. அதுவும் அவர் குணம்தான்.

அவரிடம் படித்தவர்களும், அவரிடம் திட்டு வாங்கிய பெற்றோரும் இதைப் படிப்பீர்கள். சின்ன வகுப்புகள் அவருக்கு, பெரிய வகுப்புகள் எனக்கு. ஆரம்பத்தில் எங்களைப்போல் கறாரான சென்டர் அந்தப் பக்கத்தில் கிடையாது. எல்.கே.ஜி. பிள்ளையைக்கூட நாலரை மணிக்கே உட்கார வைத்துவிடுவோம். நல்ல மார்க் வாங்கினால் முன்வரிசை, குறைந்தால் பின்வரிசை. அபிநயா எப்போதும் முதல் மார்க். அதனால் எப்போதும் போர்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

மூன்றாம் வகுப்பில், பள்ளியில் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். போர்டில் இருக்கும் கணக்குகளைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வர ஆரம்பித்தாள். "கவனமே இல்ல சார் இவளுக்கு. இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வச்சாத்தான் சரிப்படும்" என்றார் டீச்சர். அப்படியே செய்தார்.

ஒரு சனிக்கிழமை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், நம்ம பஸ் வருதா பாரு என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். "பஸ்சு பக்கத்துல வந்தாத்தானம்மா எழுத்து தெரியும்" என்றிருக்கிறாள் பிள்ளை, எல்லோருக்கும் அப்படித்தான் என்ற நினைப்பில். டீச்சர் ஊருக்குப் போகவில்லை. நேரே கண் டாக்டரிடம் போனார். கனமான கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். பரம்பரையாகவும் இருக்கலாம், ஆனால் சின்ன வயதிலிருந்தே அறைக்குள் புத்தகமும் கையுமாக இருப்பதும் ஒரு காரணம் என்றாராம் டாக்டர். பகல் வெளிச்சத்தில் தினமும் விளையாடினால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறையுமாம். ஆனால் வந்துவிட்ட பவரை விளையாட்டு இறக்காதாம்.

திங்கட்கிழமை டீச்சர் சட்டத்தை மாற்றினார். சின்னப் பிள்ளைகள் யாரும் ஆறு மணிக்கு முன் உள்ளே வரக் கூடாது. அதுவரை பின்னால் இருந்த காலி மனையில் விளையாட்டு. மார்க் வரிசையும் ஒழிந்தது.

ஒரு அப்பா வந்து கேட்டார்: "வெளையாட வைக்கவா டீச்சர் டியூசனுக்கு அனுப்புறோம்? அத வீட்டுலயே செய்ய மாட்டமா?"

"செய்ய மாட்டீங்கண்ணே. செஞ்சிருந்தா நான் ஏன் இந்த வெயில்ல நிக்கப் போறேன்?"

அவர் பிள்ளையை வேறு சென்டருக்கு மாற்றிவிட்டார். பாதிப் பேர் அவர் பின்னாலேயே போனார்கள். அம்மாவும் மகளும் சாப்பிட்டது அந்த வருமானத்தில்தான். எனக்குப் பயமாக இருந்தது. "சோத்துக்கு என்ன செய்வீங்க?" என்றேன். "பெரிய கிளாசுக்கு இங்கிலீஷ் எடுக்குறேன் சார். தொண்டதான போகும், போகட்டும்" என்றார். தொண்டை போகத்தான் செய்தது. ஆனாலும் தினமும் மாலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கல்லா மண்ணா ஆட்டத்துக்கு நடுவராக நின்றார். படுமோசமான நடுவர். அவுட்டான பிள்ளை அழுதால் தீர்ப்பை மாற்றிவிடுவார்.

தகனம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அபிநயா சொன்னாள்.

"அந்தத் திங்கக்கிழம எங்கிட்டயும் புத்தகத்த வாங்கி வச்சுட்டு வெளிய போகச் சொன்னாங்க சார். எனக்குத்தான் கண்ணாடி வந்துருச்சே, இனிமே வெளையாண்டா பவர் குறையவா போகுது, நான் எதுக்குப் போகணும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'நீ இதுவர வெளையாண்டதே இல்லையேடி'ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதுட்டாங்க."

காரணம் கேட்ட பெற்றோரிடமெல்லாம் இத்தனை வருடம் டாக்டர் சொன்னதை ஒப்பித்து வந்தேன். இனிமேல் கேட்பவர்களுக்குச் சொல்ல, டீச்சர் தன் மகளுக்குச் சொன்ன அந்தப் பதிலை நான் வைத்துக்கொள்கிறேன்.