ஒரே தட்டு, இரண்டு படங்கள்

மேடம் அந்த இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டிய காலை நன்றாக நினைவிருக்கிறது. இரண்டும் கண்ணாடித் தட்டில் வளர்ந்த பூஞ்சை. நெற்பயிருக்குக் குலைநோய் தரும் பூஞ்சை. ஒன்று உத்திரமேரூர் வயலில் எடுத்தது, மற்றது தென்னேரியில் எடுத்தது, இரண்டையும் நொச்சிச் சாறு அடக்கிவிட்டது என்று அவருடைய ஆய்வுக் கட்டுரை சொன்னது. ஒரு படத்தைத் திருப்பி மற்றதன்மேல் வைத்தார். ஓரத்துக் கீறல்கூடப் பொருந்தியது; இரண்டும் ஒரே தட்டின் படம்.

உத்திரமேரூர் பக்கத்து வேளாண் ஆய்வு நிலையம் ஒன்றில் நான் அப்போது அவருக்கு உதவியாளர். வெளிநாட்டில் யாரோ இதைக் கண்டுபிடித்து, கட்டுரை வெளியான இதழுக்கு எழுதியிருந்தார்கள். படம் எடுத்த மாணவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டிருந்தார். மேடம் தொலைபேசியில் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "தென்னேரி தட்டு கெட்டுப்போச்சு மேடம். எப்படியும் அதே ரிசல்ட்தானே வந்திருக்கும்?"

படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும் என்றது இதழ். மேலதிகாரியும் அதையே சொன்னார். "எடுக்காத படத்துக்கு மாத்துப் படம் எங்கேர்ந்து குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொண்டார் மேடம். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுவாரம் என்னையும் அழைத்துக்கொண்டு தென்னேரிக்குப் புறப்பட்டார். அவர் பேச்சை நம்பி அங்கே பலர் மருந்தை விட்டுவிட்டு நொச்சிச் சாறு தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் அவர்களைக் கூட்டி, கட்டுரை தப்பு என்று சொன்னார். சொந்தமாகப் பயிர் வைக்கும் ஓர் அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேடம் இப்டி சொல்றீங்கோ? என் கயனி நல்லாத்தான கீது? நோவே வர்லியே. யார்ட்ட சொல்லணும், நான் வந்து சொல்றேன்."

மேடம் மறுத்துத் தலையசைத்தார். "இந்த வருஷம் பனி கம்மிங்க. பயிர் பிழைச்சது சாறாலயா, பனி இல்லாததாலயான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு எழுதினதுதான் தப்பு."

"அப்ப தெளிக்கலாமா வாணாமா?"

"இன்னும் தெரியலை. அதுவரைக்கும் பழைய மருந்தையே அடிங்க."

"தெரிஞ்சிக்கினு வந்து சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்து போனார்.

ஆனால் அடுத்த நவரைப் பட்டத்து நெல்லுக்குத் தன் கழனியில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தவரும் அவர்தான். அதில் ஒரு பாதிக்குச் சாறு, மறு பாதிக்கு வெறும் தண்ணீர். அந்த வருஷம் பனி கொட்டியது. இரண்டு பாதியும் குலைநோயில் ஒன்றுபோலக் கருகின. படங்களை இம்முறை மேடமே எடுத்தார். வரப்பில் நின்று பார்த்த அந்த அம்மாள், "பச்சத் தண்ணிக்கும் இதுக்கும் ஒரு வித்யாசமும் இல்ல மேடம்," என்றார். மேடம் சிரித்தார். வெகுநாள் கழித்து அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அந்த முடிவை எந்த இதழும் வெளியிடவில்லை. தென்னேரியில் குலைநோய்க்கு இப்போது யாரும் நொச்சி இடிப்பதில்லை.