கம்பெனி உயரம்

என் மனைவியின் அண்ணன் வீடு ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்ததும் ஓர் ஓடை குறுக்கிடும். அதில் தண்ணீர் கம்மி, பாறை ஜாஸ்தி. கார் போகாது. அதற்காகத்தான் பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் மலையேறும் வண்டியின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். வாங்கிய பிறகு அது அதிகமும் ஏறியது வேங்கிக்காலில் என் அலுவலக வாசலில் இருக்கும் வேகத்தடையைத்தான். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று என் மனைவி கேலி செய்வாள்.

போன மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓடையில் வண்டியின் அடிவயிறு பாறையில் இடித்தது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, அச்சின் மையத்தில், சின்னக் குடம் போல டிஃபரன்ஷியல் தொங்கும். அதற்குள் இருக்கும் பல்சக்கரங்களை மூடியிருப்பது ஒரு தகடுதான். அது நசுங்கி எண்ணெய் முழுக்க ஓடையில் கலந்துவிட்டது. மச்சான் டிராக்டர் கொண்டுவந்து கட்டி இழுத்தார்.

பைபாஸ் ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பற்றவைத்துக் கொடுத்தார். ஆனால் அது நிற்காது, கனமான இரும்புக் கவர் போட்டுவிடுங்கள், கூடவே ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் ஏற்றிவிடுங்கள் என்றார். கவருக்குப் பின்னால் அச்சையும் வண்டியையும் குறுக்காகப் பிணைக்கும் ஒரு கம்பி போகிறது. கம்பெனி விட்ட உயரத்திலேயே வண்டி இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது அந்தக் கம்பி தடித்த கவரில் மோதும். ஏற்றிவிட்டால் இடம் கிடைக்கும். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஏற்ற முடியாது என்றேன். என் மனைவிக்கு அப்போது சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கால் வீங்கியிருக்கும், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். ஆனாலும் ஜீப்பில் தானாகத்தான் ஏறுவாள். கைப்பிடியைப் பிடித்து, இடது காலைப் படியில் வைத்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒரே உந்தாக உந்துவாள். அதுவரை நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று செல்போனைப் பார்க்க வேண்டும். ஒருமுறை முழங்கையைப் பிடிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"என்னிக்கு என்னைத் தூக்கி உக்கார வெக்கிறீங்களோ, அன்னியோட நான் எங்க ஊருக்கு வர்றத நிறுத்திக்கிறேன்" என்றாள்.

தனியாக ஒரு படி வைத்துத் தருகிறேன் என்று பாய் சொல்லிப் பார்த்தார். ஊரே பார்க்க ஸ்டூல் போட்டு இறங்க நான் என்ன கல்யாணப் பெண்ணா என்று அதையும் தள்ளிவிட்டாள். ஆக, உயரத்தைத் தொடாமல் மாட்டக்கூடிய கவர் வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு அண்ணன் வீடு இல்லை.

தேட ஆரம்பித்தேன். இணையத்தில் இந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வாலிபர்கள். கவர் என்று கேட்டால் முதலில் வண்டியை ஏற்று என்பார்கள். அவர்கள் வீட்டில் யாருக்கும் முழங்கால் வலிப்பதில்லை போலும். ஒரு கடைக்காரர், எந்த உயரத்துக்கும் பொருந்தும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றார். அப்படியே வாங்கினேன். மாட்டியதும் கம்பிக்கும் கவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. பாய் பின்பக்க பம்பரில் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். டங்கென்று சத்தம் கேட்டது.

"நின்னா தொடல சார், குதிச்சா தொடுது" என்றார். கழற்றித் திருப்பி அனுப்பினேன். கடைக்காரரிடம் போனில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

வழி சொன்னது அவள்தான். பழைய தகட்டின் மேல் பூரி மாவை அப்பிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், கம்பி எதுவரை வருகிறது என்று மாவு சொல்லிவிடும் என்றாள். அவளே கெட்டியாகப் பிசைந்து தந்தாள். பட்டறைக்கும் வந்தாள், தன் எடையும் சேர வேண்டும் என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாய் அவளைப் பார்த்தார். இரண்டு மணல் மூட்டைகளைத் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தார். அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடி அண்ணாமலை வரை கிரிவலப் பாதையின் வேகத்தடைகளில் வண்டியைக் குதிக்கவிட்டுத் திரும்பினோம். மாவில் கம்பி ஒரு பள்ளம் பதித்திருந்தது. பள்ளத்துக்குக் கீழே மிஞ்சியிருந்த மாவின் கனம்தான் நாங்கள் வாங்கக்கூடிய கவரின் கனம். அந்த அளவைச் சொல்லிக் கேட்டபோது வெளியூர்க்காரர் ஒருவர், நடுவில் தட்டையாகவும் அடிவிளிம்பில் மட்டும் கனமாகவும் வார்ப்பில் செய்து தருவதாகச் சொன்னார். பணம் அனுப்பினேன்.

பார்சல் வரவேண்டிய சமயம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் எந்த வண்டியும் ஊருக்குள் வர முடியாமல் இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த இரண்டு நாளும் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அவள் பெரும்பாலும் படுத்தே இருந்தாள். மாட்டிய பிறகு பாயோடு நானும் பம்பரில் ஏறிக் குதித்தேன். சத்தமே இல்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு காலை அவள் குளித்து, பூ வைத்து, அண்ணனுக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் வழக்கம்போல் திரும்பி நின்றேன். படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். மறுபடியும் கால், மறுபடியும் மூச்சு. வெகுநேரமாகக் கதவு சாத்தும் சத்தம் கேட்காததால் திரும்பினேன். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி தரையில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பாய் சொன்ன அந்தக் கனமான கவரையே வாங்கிப் போட்டுக்கோங்க" என்றாள். "வண்டிய நல்லா ஏத்திக்கோங்க. உங்களுக்கும் ஆசைதான."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை அலைந்து பொருந்துகிறதாகப் பார்த்து மாட்டியிருக்கிறேன், இப்போது வந்து ஏற்று என்கிறாயே, ஏறு பார்க்கலாம் என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். முறுக்குப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணன ஒரு தடவ இங்க வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த வார்த்தையைச் சும்மா சொல்ல மாட்டார்கள். நான் அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து மச்சானைக் கூப்பிட்டேன். ஓடையைத் தாண்டிவிட்டீர்களா, கவர் தாங்கியதா என்று உற்சாகமாகக் கேட்டார். அவள் சொன்னதை மட்டும் சொன்னேன்.

"நாளைக்குக் காலைல வரட்டா மாப்ள?" என்றார்.

"இப்பவே கிளம்புங்க மச்சான்" என்றேன்.