சின்னவள் கைராசி

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? புரத ஆய்வகத்தில் தன் ஓரகத்திக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். வந்து சேர்ந்த சின்னவளோ, வருஷக்கணக்காகப் பெரியவளுக்குப் பிடிகொடுக்காத புரதத் துண்டைச் சுளுவாக மடங்க வைத்துவிட்டாள்.

உடம்பின் வளர்ச்சிக் காரணி ஒன்றின் சாயல் கொண்ட துண்டு அது. சாயல்தான், வளர்க்கிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. வேறு என்ன தெரியும் என்று பார்க்க, முதலில் அது ஒழுங்காக மடங்கி உருவெடுக்க வேண்டும். பெரியவள் கையில் அது ஒவ்வொரு முறையும் திரிந்த பாலாகக் கட்டிதட்டியது. இந்த ரகத்தில் சிலதற்கு மடங்கக் கால்சியம் வேண்டும். இதற்கு வேண்டாமென்று ஆரம்பத்திலேயே அடித்துச் சொன்னவளும் அவள்தான்.

வீட்டில் மாமியார் வேறு. "சின்னவளுக்குக் கைராசிதான், என்ன சொல்ற?" என்று சாப்பிடும்போது பெரியவளிடமே கேட்டாள். பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாநாட்டில் அந்தப் புரதத்தைப் பற்றிப் பேசப்போவது தான்தான் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அந்த மேடையும் கைநழுவும் போலிருந்தது.

ஒருநாள் சின்னவள், சுத்திகரித்த நீர் சொட்டும் இயந்திரத்தின் முன் காத்திருக்கச் சோம்பல்பட்டு, பாத்திரம் கழுவும் குழாயில் குடுவையைப் பிடிப்பதைப் பெரியவள் பார்த்துவிட்டாள். தலைகால் புரியாத சந்தோஷம் அவளுக்கு. நேரே தலைமை விஞ்ஞானியின் அறைக்குப் போனாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் சார். சின்னவ கரைசலைக் குழாய்த் தண்ணியில கலக்கறா. அவளுக்கு வந்ததையெல்லாம் எப்படி நம்பறது?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "குழாய்த் தண்ணியா? அதுல கால்சியம் இருக்குமேம்மா."

உடனே சோதித்துப் பார்த்தார்கள். சுத்தமான நீரில் கட்டிதட்டிய துண்டு, அதே நீரில் துளி கால்சியம் சேர்த்ததும் சமர்த்தாக மடங்கியது. மாநாட்டுக்குச் சின்னவள் பெயர் போயிற்று.

"நீங்க போய்ச் சொல்லலன்னா அது ஏன் மடங்குதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்காதுக்கா," என்று சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குத்திக்காட்டுகிறாளா, வெள்ளை மனதாகச் சொல்கிறாளா என்று பெரியவளுக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் வீட்டில் கெட்டிலைத் தேய்க்க உட்கார்ந்தாள். குழாய்த் தண்ணீர் கொதித்துக் கொதித்து அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அது கால்சியம் என்று வீட்டில் எல்லாருக்கும் பாடம் எடுத்தவளும் அவள்தான். அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை.

"விடும்மா," என்றாள் மாமியார். "சின்னவ வரட்டும். அவ கை பட்டா போயிடும்."