கஞ்சி போட்ட கால்சட்டை

கிடங்கில் காவல் வேலை. தோளில் பட்டை தைத்த சட்டை. சாமான்களைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலமாரி. மழைக்கு முழங்கால் வரை வரும் காலணி. இவையெல்லாம் சின்னவள் வென்றெடுத்தவை. நாற்பதை நெருங்கும் வயதையும், "துணி தேய்க்கிறவளுக்கு எதுக்கு ஓட்டம்" என்று மென்ற வாய்களையும் தாண்டித்தான் வென்றாள். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அவள் அக்கா பெரியவள் இதைச் சொல்லாமல் விட மாட்டாள்.

இருவருக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பெரியவள் மடிப்பு மேசையில் நிற்பாள். சின்னவள் கஞ்சித் தொட்டியையும் இஸ்திரியையும் பார்த்துக்கொள்வாள். சுமை ஏற்றும் இடத்தில் புருஷன் விழுந்து செத்த பிறகு சின்னவள் அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். ஒருநாள் இஸ்திரிப்பெட்டி அவள் மணிக்கட்டில் பட்டது. தோல் கருகும் வாசனை பெரியவள் மூக்குக்குத்தான் முதலில் எட்டியது.

ஆற்றோரக் கிடங்கில் காவலுக்குப் பெண்களை எடுக்கிறார்கள், மதிலைச் சுற்றி ஓடிக் காட்ட வேண்டும் என்று தெரிந்ததும், சின்னவள் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே யாரும் பேச மாட்டார்கள் என்றாள். புருஷன் போனபின் அவளாக வேண்டும் என்று கேட்டது இது ஒன்றுதான். இதுவும் கைநழுவினால் இனி எதையுமே கேட்க மாட்டாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

சலவைக்கூடத்து ஆட்களுக்கு ஒரு வீம்பு உண்டு. கசங்கிய துணியில் தெருவில் இறங்குவது அவர்களுக்கு மூக்கறுபட்டது போல. சின்னவளுக்குத் துக்கத்திலும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. ஓடுவதற்கென்று வாங்கிய பருத்திக் கால்சட்டையையும் தொட்டியில் முக்கி, கத்தி மடிப்பு வைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். வியர்வையில் கஞ்சி இளகும். காய்ந்தால் உப்போடு சேர்ந்து உப்புத்தாளாகிவிடும். அதைப் போட்டுக்கொண்டுதான் நாள்தோறும் ஓடினாள்.

துவைக்க எடுத்தபோது உட்தையலில் ரத்தக்கறை இருந்தது. மாதக்கறை விழும் இடமல்ல அது. பெரியவள் கதவைச் சாத்தினாள்.

"இது என்னடி?"

சின்னவள் குனிந்து, யாருடைய துணியையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். "தெரியலக்கா."

இரண்டு தொடைகளின் உட்புறமும் இடுக்குவரை உரிந்து, ஈரம் கசிந்து கிடந்தது. மேலே பவுடர் அப்பியிருந்தாள்; அது சுண்ணாம்புப் பூச்சுபோல் கட்டியாகிவிட்டிருந்தது. புண்ணைவிட, வலிகூட உறைக்காமல் இத்தனை நாள் ஒருத்தி ஓடியிருக்கிறாளே என்பதுதான் பெரியவளைப் பயமுறுத்தியது.

இடம் அப்படி, வெளியே சொல்லவும் கூச்சம். சீருடை வாங்க வந்த வார்டு நர்ஸை மட்டும் மூலைக்கு இழுத்துப்போய்க் காதில் சொன்னாள். நர்ஸ் சின்னவளையும் கூப்பிட்டு, கால்சட்டையைக் கேட்டு வாங்கி, இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தரையில் ஊன்றினாள்; கஞ்சி விறைப்பில் அது நின்றது.

"நீ போகலைன்னாலும் இது தனியா ஓடிட்டு வந்துடும் போலிருக்கே."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவள் சிரிக்கவில்லை.

பிறகு நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும், தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பவுடர் கூடாது, காற்று படட்டும். சீழோ காய்ச்சலோ வந்தால் டாக்டர்தான். புண் ஆறும்வரை ஓட்டம் கிடையாது. ஆறியபின் ஓடும்முன் வாஸ்லின் தடவ வேண்டும். தொடையோடு ஒட்டும் மெல்லிய துணிதான் போட வேண்டும்.

தேர்வுக்கு நாள் அதிகம் இல்லை. அதற்குள் ஆறுமா என்று கேட்டதற்கு, "தோலுக்குத் தேதி தெரியாதும்மா" என்றாள் நர்ஸ்.

அன்று பெரியவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

"எரியுதா?"

சின்னவள் யோசித்தாள். "எரியுதுன்னுதான் நினைக்கிறேன்."

பெரியவள் குவளையை இன்னும் தாழ்த்தி ஊற்றினாள்.

ஓடாத நாட்களில் வேலை முடிந்து சின்னவள் சும்மா படுத்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் வார்டு பெயர் போட்ட துணிகளைத் தேய்த்துத் தேய்த்து எழுத்துகள் அவள் கண்ணுக்குப் பழகியிருந்தன. அவற்றிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, துணியில் குறிபோடும் மையால் கிழிந்த தலையணை உறையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டாள்.

தேர்வன்று தோல் மூடியிருந்தது, இளஞ்சிவப்பாக. வாஸ்லினைத் தாராளமாகத் தடவி, கசங்கிய மெல்லிய துணியில் சின்னவள் ஓடினாள். வேகம் இல்லை. முன்னால் போனவர்களில் இரண்டு பேர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள், இவள் நிற்கவில்லை. வேலைக்கு எடுத்துக்கொண்டவர்களில் கடைசி ஆள் இவள்தான். பெரியவள் மதில் ஓரத்தில் அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று சின்னவள் கேட்டாள். கிண்டலாக அல்ல, தெரிந்துகொள்ள.

வேலையில் சேரும் நாளில் கிடங்குக் குமாஸ்தா, மனுவில் இருந்த கைநாட்டைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினார். சின்னவள் அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பேனாவைக் கேட்டாள். எழுத்து எழுத்தாகத் தன் பெயரை அவள் எழுதி முடிக்கும்வரை வரிசை காத்திருந்தது. குமாஸ்தா பக்கத்தில் தேதியைப் போட்டார்: 2019, மார்ச் 11, திங்கட்கிழமை.