மேயர் வசுமதியின் பேரம்

"வார்டுக்கு ஆறு விளக்கு வேணும், சாரே," என்று மேயர் வசுமதி சொன்னால், மாநகராட்சிப் பொறியாளர் ஜோஸ் முகம் மாறாமல் மூன்று என்று எழுதிக்கொள்வார். வசுமதிக்கு வேண்டியதும் மூன்றுதான். வீட்டில் காலையில் நாலு ஆப்பம் கேட்பார். கணவர் திவாகரன் இரண்டை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார். "கல்யாணத்துக்கு முந்தி நாலு பிள்ளை வேணும்னு சொன்னா. ரெண்டுல ஒப்பந்தம் ஆச்சு," என்பார் வந்தவர்களிடம்.

இது முந்திரி ஆலையில் படிந்த பழக்கம். பதினாலு வயதில் கொட்டை உடைக்க உட்கார்ந்தவர் வசுமதி. முந்திரித் தோட்டின் எண்ணெய் கறுப்பாக்கிய விரல்கள் ஐம்பத்தெட்டு வயதிலும் வெளுக்கவில்லை. அவர் கையெழுத்துப் போடும்போது புதிதாக வந்த எழுத்தர்கள் மை கொட்டிவிட்டதென்று துணி தேடுவார்கள். நாற்காலியில் கால் தொங்கவிட்டு உட்காரவும் வராது. செருப்பு மேசைக்கடியில் கிடக்கும். கால் இரண்டும் மடிந்து மேலே இருக்கும்.

இருபத்தாறு வயதில் செங்கொடிச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். ஆலைக்குள் கைக்குழந்தைகளுக்கு நாற்பது தொட்டில் கேட்டுப் பதினொரு நாள் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது இருபத்திரண்டு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெயித்தது தான்தான் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். சங்கம் உள்ளுக்குள் முடிவு செய்திருந்ததோ இருபது.

இரண்டு முறை கவுன்சிலர், மூன்றாம் முறை மேயர். போன ஆடியில் ஒருநாள், தெருக்கூட்டும் பெண்கள் கொடியோடு அவர் அறைக்குள் நுழைந்தார்கள். தலைவி ஷைலஜா. ஒரு காலத்தில் வசுமதிக்கு அடுத்த பலகையில் கொட்டை உடைத்தவள். சங்க வேலையை அவரிடமே கற்றவள். கொடி பிடித்தால் தோழர் என்று 'சகாவே', மற்றபடி அக்கா என்று 'சேச்சி'.

"இருபது இடத்துல கழிப்பறை வேணும், சகாவே."

"அஞ்சு."

"பதினெட்டு."

"ஆறு. அதுக்கு மேலேன்னா ஊர் வாசல்ல கட்டப்போற வரவேற்பு வளைவுக்கு ஒதுக்கின பணத்துல கை வைக்கணும். கட்சியில என்னை உரிச்சுடுவாங்க."

"இந்த மூஞ்சிய எனக்குத் தெரியும், சேச்சி. முதலாளி இதே மாதிரிதான் வச்சிருப்பாரு."

அறையே சிரித்தது. வசுமதியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

தேநீர் வந்தது. கடைசியில் நின்ற பார்கவி மட்டும் தம்ளரைத் தொடவில்லை.

"குடி, பார்கவி."

"வேண்டாம் சேச்சி. காலைல நாலு மணிலேருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணிகூட குடிக்கிறதில்ல. குடிச்சா எங்க போறது?"

சர்க்கரை ஆகாது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

வசுமதி காலைக் கீழே இறக்கிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஜோஸைக் கூப்பிட்டு, "இருபது கழிப்பறை," என்றார். ஜோஸ் வழக்கப்படி பத்து என்று எழுதினார்.

"சாரே, இன்னிக்கு இருபதுன்னா இருபதுதான்."

ஷைலஜா மேசைப் பக்கம் குனிந்தாள். "சேச்சி, நாங்க பத்துக்குதான் பேசிட்டு வந்தோம்."

"தெரியும்டீ. நான் சொல்லிக்கொடுத்த கணக்குதானே."

சாயங்காலமே கட்சி அலுவலகத்திலிருந்து மாவட்டச் செயலாளர் கூப்பிட்டார். "வளைவு வந்தா கல்லுல உங்க பேரு இருக்கும், சகாவே."

"கழிப்பறைக் கதவுல எழுதிக்கலாம், சகாவே. தினமும் ஆளு பாக்கும்."

மாநகராட்சி மன்றத்தில் மூன்று மணி நேரம் சண்டை நடந்தது. வளைவுக்காக எழுந்து கத்தியவர்களில் பாதிப்பேர் அவர் கட்சிக்காரர்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. இப்போது ஏழு கழிப்பறைகள் திறந்தாகிவிட்டன. மற்றவற்றுக்குச் சுவர் எழும்புகிறது.

அதெல்லாம் பிறகு. அன்று பெண்கள் கிளம்பத் தொடங்கியபோது, வசுமதி எழுந்து அறையின் மூலைக்குப் போனார். அங்கிருந்த கழிப்பறைக் கதவில் "மேயருக்கு மட்டும்" என்று எழுதியிருந்தது. பூட்டிலிருந்து சாவியை உருவி வந்து, பார்கவியின் தம்ளர் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினார்.