மேற்குச் சுவரில் இறங்கிய குழாய்

திருநகரில் மாமனார் வாங்கிப் போட்டிருந்த மனையில் அண்ணனும் தம்பியும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டினார்கள். ஒரே போர்க் கிணறு, ஒரே மோட்டார். மொட்டை மாடியில் மட்டும் ஆளுக்கொரு சிமெண்டுத் தொட்டி. மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான், பள்ளிக்கூட டீச்சர். இளையவரின் மனைவி, என் ஓரகத்தி, மேலூர்ப் பக்கத்துப் பெண். குடிவந்த நாலாவது வருஷம், எண்பதுகளின் தொடக்கத்தில், என் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் நூலாக இளைத்துப்போனது. அவள் வீட்டில் மட்டும் கொட்டியது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், குளியலறையில் வாளி நிறையட்டும் என்று காத்து நிற்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய வாளி தடதடவென்று நிறையும். அடுத்த வாளியையும் வைப்பாள். அப்போதும் என் வாளியின் அடி மறைந்திருக்காது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது.

எங்கள் போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காரை பூசினதுபோல் படிந்து கிடக்கும். குழாய்க்குள்ளும் அதுதான் படிகிறது என்று கணவர் சொன்னார். ஆனால் அவளுக்கும் அதே தண்ணீர்தானே?

முதலில் மாமியார் கட்சி மாறினார். எங்களோடு இருந்தவர், குளிக்க மட்டும் சின்ன மருமகள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். திரும்பி வந்து ஈரத் தலையோடு, "அங்க தண்ணி என்னமா அடிக்குது! இங்க மேலு நனையிறதுக்குள்ள பொழுது போயிரும்" என்பார். ஒரு சனிக்கிழமை என் கணவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"உங்க தம்பிதான பைப்பு வேலையைப் பாத்தாரு? அவருக்குப் பெரிய பைப்பாப் போட்டுக்கிட்டு நமக்குச் சின்னதைப் போட்டுட்டாரு" என்றேன்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே வண்டியில வந்த பைப்பு. நானும்தான் கூட நின்னு இறக்குனேன்" என்றார். நான் நம்பவில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பாள். பிறகு கீழே வந்து, வீட்டுக்குப் பின்னால் எதையோ திருகித் திறந்துவிடுவாள். கலங்கலாக, வெள்ளைப் பொடியோடு தண்ணீர் வாழைக்குப் பாயும். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். தண்ணீர் இருக்கிற திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆசிட் ஊற்றினால் உப்பு கரைந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியை ஒருவர் சொன்னார். கடையில் ஒரு பாட்டில் வாங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். கணவரும் மாமியாரும் சமயநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளாகப் பார்த்து, தொட்டியைக் காலிசெய்து, குழாயின் வாயில் முழுப் பாட்டிலையும் கவிழ்த்தேன். புஸ்ஸென்று பொங்கியது. புகை நெஞ்சைப் பிடித்து, கண்ணில் நீர் வர இருமினேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியை நிரப்பிக் குழாயைத் திறந்தால், செங்காவியாக ஓடி, பிறகு சுண்ணாம்புச் சில்லுகள் விழுந்து, கடைசியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. தனியாக நின்று சிரித்தேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று அன்று மாலை தகர வாளியை எடுத்து வைத்தேன்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாள்தான். நாலாம் நாள் பொதுச்சுவரில் ஈரம் படர்ந்தது. மேற்குச் சுவரில் இறங்கி வந்து பொதுச்சுவருக்குள் போன குழாயின் இணைப்பு மரையை ஆசிட் தின்றிருந்தது. அந்தப் பக்கம் அவளுடைய சாமான் அறை. மேலூரிலிருந்து அவளுடைய அப்பா கொண்டுவந்து போட்டிருந்த அரிசி மூட்டை சுவரில் சாய்ந்திருந்தது. மூட்டையின் அடிப்பாகம் முழுக்க நனைந்து புளித்த வாடை வந்தது. அவள் அதை மாடியில் விரித்துக் காயவைத்தாள்.

என் தொட்டியை அடைத்துவிட்டதால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் தன் குழாயிலிருந்து ரப்பர் டியூப் ஒன்றை மதிலுக்கு மேலாக என் டிரம்முக்குப் போட்டாள். "அக்கா, வேணுங்கிறப்ப ஒரு குரல் குடுங்க. தொறந்து விடுறேன்" என்றாள்.

பிளம்பர் வர எட்டு நாளாயிற்று. எட்டு நாளும், குளிக்கவும் பாத்திரம் கழுவவும், நான் மதிலருகே நின்று அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

வந்தவர் நாற்பது வயதுக்காரர். மேற்குப் பக்கத்துக் குழாயை அறுத்து ஒரு துண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். உள்ளே சுற்றிலும் கல்லாக இறுகியிருந்தது. நடுவில் பென்சில் நுழைகிற ஓட்டை.

"டீச்சரம்மா, இதுல இம்புட்டு நாள் தண்ணி வந்ததே பெருசு. மேக்குச் சுவர்ல வெயில்ல காயிற பைப்பு. சூடேற ஏற உப்பு வேகமாப் பிடிக்கும். அந்த வீட்டுப் பைப்பு நிழல்ல இறங்குது."

அவள் வீட்டுக் குழாயையும் பார்த்தார். அளவு ஒன்றுதான். குழாயின் அடிமுனையில் திருகித் திறக்கிற மூடி ஒன்று போட்டிருந்தாள். "மாசம் ஒருக்கா இப்பிடித் தொறந்து விட்டாப் போதும், பொடியா இருக்கையிலயே வெளிய போயிரும். கல்லாயிட்டா அம்புட்டுத்தேன், அறுக்கணும். இந்த அக்காவுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லலண்ணே. வெந்நீர்ப் பானையைத் தெனம் தேய்க்கிறவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

பி.எட். படித்த நான் பக்கத்தில் நின்றேன்.

பிளம்பர் மரையைத் தடவிப் பார்த்து, "யாரோ ஆசிட் ஊத்திருக்காக" என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தார். "நான் எதையும் ஊத்தல அத்தை" என்று வாய் தானாகச் சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். "மாடிக்கு எல்லாரும்தான் போறாக" என்றும் சொன்னேன். மாமியாரின் பார்வை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. அவள் உள்ளே போனாள்.

மறுநாள், வாடை போகட்டும் என்று மாடியில் மறுபடி விரித்திருந்த அரிசியை அவள் கிளறிக்கொண்டிருந்தாள். நான் துணி காயப்போடுகிற சாக்கில் போய் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க பாட்டிலோட நின்னப்ப நான் என் தொட்டிக்குப் பின்னாலதான் வத்தல் எடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள், தலை நிமிராமல்.

"அத்தைகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி என்ன செய்ய? நீங்க தெனம் கஞ்சி போட்ட சேலை கட்டி, கைப்பையை மாட்டிக்கிட்டுப் பஸ்ஸுக்குப் போவீக. நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன். பத்தாவது பாஸாகியும் எனக்குக் குழாயைத் தொறந்து மூடுறதுதான் வேலைன்னு அழுவேன். உங்க வீட்டுல தண்ணி வரலைன்னு கேட்டப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. என்கிட்ட இருந்த மூடி விசயத்தை நானும் உங்களுக்குச் சொல்லலையே."

அன்று சாயங்காலம் மாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். "அரிசியைத் திருப்பிக் குடுத்துரு" என்றார். நல்ல பொன்னியாக ஒரு மூட்டை வாங்கி அவள் வாசலில் இறக்கினேன்.

புதுக் குழாய் நிழல் பக்கமாக இறங்கியது. எனக்கும் ஒரு மூடி போட்டார் பிளம்பர். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் அவரவர் தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்போம். மூடியைத் திறந்தால் பொடி எவ்வளவு வருகிறது என்று ஒருவருக்கொருவர் சத்தம்போட்டுச் சொல்லிக்கொள்வோம்.

மறு வருஷம் சத்துணவுக் கூடத்துக்கு ஆள் எடுத்தார்கள். பத்தாவது போதும் என்றதும் நானே விண்ணப்பம் வாங்கிவந்து அவளுக்காக நிரப்பினேன். வேலை கிடைத்தது. முதல் நாள் அவள் கஞ்சி போட்ட சேலை கட்டி, புதுக் கைப்பையோடு தெருவில் இறங்கியபோது மாமியார் வாசல்வரை வந்து வழியனுப்பினார். என்னை ஒருநாளும் அப்படி அனுப்பியதில்லை. எனக்குப் பழைய எரிச்சல் வந்தது. அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். வழியில் அதை அவளிடமே சொன்னேன். "எனக்குத் தெரியும்க்கா" என்று சிரித்தாள்.